மதுரை வெயிலில் கோய் தொட்டி: கட்டுவது, வடிகட்டுவது, காப்பது

கோய் எனப்படும் அலங்காரக் கெண்டை மீனின் வளர்ப்புக் குறிப்புகளில் பாதி இடத்தைப் பனிக்காலமே பிடித்துக்கொள்கிறது. தொட்டி உறையாமல் பார்ப்பது, குளிரில் தீனியை எப்போது நிறுத்துவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். மதுரைக்காரர் அதையெல்லாம் தாண்டிப் போய்விடலாம். இங்கே மீனுக்கு ஆபத்தான மாதம் மார்கழி இல்லை, சித்திரை. குளிர்ந்த நாட்டுக் கெண்டையை 38 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில், உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர் தண்ணீரில், மாதம் ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் வளர்க்கப் போகிறோம். தொட்டியின் ஆழத்திலிருந்து வடிகட்டி டிரம்மின் குழாய் அளவு வரை எல்லாவற்றையும் இந்த மூன்றை நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம் எளிது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் காற்று கரைவது குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷமும் சூட்டோடும் பி.எச். அளவோடும் (தண்ணீரின் அமில, கார அளவு; 7 நடு, அதற்கு மேல் காரம்) சேர்ந்து ஏறும். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.எச். 8 என்றால் ஏழு பங்கு. எட்டரை ஆகிவிட்டால் இருபது பங்கு. நம் போர் தண்ணீர் பெரும்பாலும் எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவில் வந்து நிற்கும். ஆகவே வெளிநாட்டுக் குறிப்பில் ‘கொஞ்சம் அமோனியா பரவாயில்லை’ என்று இருந்தால் நமக்கு அது பொருந்தாது.

இடமும் அளவும்

கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே தொட்டிக்கு: உள் அளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம். தண்ணீர் மூன்றரை அடி நிற்கும். 10 × 6 × 3.5 = 210 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 6000 லிட்டர். இதில் ஐந்து கோய், மிஞ்சினால் ஆறு. கடையில் விரல் நீளத்தில் பார்க்கும் மீன் நன்றாக வளர்ந்தால் இரண்டடியை எட்டும்; தலைக்கு ஆயிரம் லிட்டர் என்பது அந்தப் பெரிய மீனுக்கான கணக்கு. 1000 லிட்டர் சிமெண்ட் தொட்டியில் இருபது குட்டியை விட்டுவிட்டு ‘சின்னதாத்தானே இருக்கு’ என்பவர்களுக்கு இரண்டாவது கோடையில் விடை கிடைக்கும்.

வீட்டின் கிழக்குப் பக்கம் சிறந்தது. காலை வெயில் பட்டு, மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும். வேப்பமரத்தடி குளுமைதான், ஆனாலும் வேண்டாம். பங்குனியில் பூ, ஆனி ஆடியில் பழம் எனக் கொட்டிக்கொண்டே இருக்கும். அழுகும் வேப்பம்பழமும் கொட்டையும் மீனுக்கு ஆகாது. ஏற்கெனவே மரம் இருந்தால் மேலே வலை கட்டாமல் தொட்டி கட்டாதீர்கள்.

நாலடியில் இரண்டரை அடி தரைக்குக் கீழும் ஒன்றரை அடி மேலும் இருக்கட்டும். மேலே தூக்கிய சுவர் மழைச் சேற்றைத் தடுக்கும், தவழும் குழந்தைக்கும் தடை. தரையை நான்கு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சரித்து, அங்கே 4 இஞ்ச் அடி வடிகால் வைத்து, சுவருக்கு வெளியே ஒரு சிறு குழிக்குக் கொண்டுபோங்கள். குழிக்குள் அந்தக் குழாய் வாயில் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும்படி ஒரு நெட்டுக்குழாயைச் செருகி வைத்தால் அதுவே வால்வு. வாரம் ஒருமுறை பத்து நொடி பிடுங்கிச் செருகினால் அடியில் சேர்ந்த கசடு கறுப்பாக வெளியே வந்துவிடும். கட்டிய பிறகு இதை வைக்க முடியாது. கொத்தனார் ‘எதுக்கு சார், பின்னாடி கசியும்’ என்று தட்டிக்கழிப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மழைக்கு வழிந்தோட மேல் விளிம்பிலிருந்து ஆறு இஞ்ச் கீழே ஒரு 3 இஞ்ச் ஓட்டை, அதற்கு வலை.

சிமெண்ட்டுக்குப் பதில் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தாளையும் விரிக்கலாம். தாளின் நீளம் = தொட்டி நீளம் + ஆழம் இரண்டு மடங்கு + 2 அடி. நம் அளவுக்கு 20 அடிக்கு 16 அடி. சுண்ணாம்புத் தொல்லை கிடையாது; ஆனால் எலி கடித்தால் ஓட்டை தேடுவதற்குள் பொறுமை போய்விடும்.

சுண்ணாம்பைப் போக்குவது

புதுச் சிமெண்ட் தொட்டியில் தண்ணீரின் பி.எச். 10, 11 வரை ஏறும். அதில் மீன் விட்டால் ஓரிரு நாளில் தோல் வெளுத்துச் செத்துப்போகும். பூச்சு முடிந்து இரண்டு வாரம் நீராற்றிய பிறகு தொட்டியை நிரப்பி, நாலைந்து வாழைமரத்தை வெட்டித் துண்டுகளாக்கிப் போட்டு ஒரு வாரம் ஊற விடுங்கள். அழுகும்போது உண்டாகும் அமிலம் சுண்ணாம்பை இழுக்கும். நாறும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வடித்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெறும் தண்ணீரை நிரப்பி மூன்று நாள் வைத்து வடிக்க வேண்டும். இப்படி வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு முறை.

முடிந்ததா என்று பார்க்க ஒரே வழி: அதே தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் வாளியிலும் பிடித்து ஒருநாள் திறந்து வையுங்கள். மறுநாள் வாளி, தொட்டி இரண்டிலும் பி.எச். பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சிமெண்ட் அடங்கிவிட்டது. தொட்டியில் கூட இருந்தால் இன்னொரு சுற்று. குழாயிலிருந்து நேராகப் பிடித்த போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் தவறான விடை வரும். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு) கரைந்திருக்கும், பி.எச். தாழ்வாகக் காட்டும், காற்றுப் பட்ட பிறகுதான் உண்மை அளவுக்கு ஏறும்.

மூன்று டிரம் வடிகட்டி

விலை உயர்ந்த ஆயத்த வடிகட்டிகள் இருக்கின்றன. 6000 லிட்டருக்கு மூன்று 200 லிட்டர் நீல டிரம்மே போதும். ரசாயனம் வைத்திருந்த டிரம்மை வாங்காதீர்கள். உணவுப் பொருள் வந்த டிரம் என்று கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

டிரம்களைத் தரை மட்டத்தில் கான்கிரீட் படுகை மேல் வரிசையாக நிறுத்தவும். ஒவ்வொன்றையும் முந்தையதைவிட இரண்டு இஞ்ச் தாழ்வாக வைத்தால் தண்ணீர் தானே இறங்கும். கடைசி டிரம்மின் வெளிவாய் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருந்தால், தொட்டி நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலிருந்து தண்ணீர் விழும். அந்த அருவி அழகுக்கு மட்டும் இல்லை, காற்றைக் கரைக்கும் வேலையும் அதனுடையது.

முதல் டிரம்: கசடு படியும் இடம். பம்பிலிருந்து வரும் குழாயைப் பாதி உயரத்தில் நுழைத்து, உள்ளே ஒரு எல்போ போட்டு வாயைச் சுவரோரம் திருப்பிவிடுங்கள். தண்ணீர் மெல்லச் சுழலும். கனமான கழிவு நடுவில் போய் அடியில் உட்காரும். அடியில் ஒன்றரை இஞ்ச் பால் வால்வு, மற்ற இரண்டு டிரம்முக்கும் இதேபோல். வெளிவாய் மேலே.

இரண்டாவது டிரம்: தூசு பிடிக்கும் இடம். வடிகட்டித் தூரிகைகளோ ஜப்பான் மேட் எனப்படும் முரட்டு நார்ப்பாயோ. கைச்செலவைக் குறைக்க நினைத்தால் பழைய நைலான் மீன்வலை, நிழல்வலைத் துண்டு, சோப்புத் தடவாத பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் எல்லாம் ஆகும். வரும் பக்கம் முரடு, போகும் பக்கம் நைசு. மாற்றி அடுக்கினால் இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது டிரம்: பாக்டீரியா வீடு. கே1 எனப்படும் சக்கர வடிவப் பிளாஸ்டிக் துண்டுகள் 60 முதல் 70 லிட்டர் அளவு. அடியில் நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்று. துண்டுகள் கொதிக்கும் சோறு மாதிரி புரள வேண்டும். புதிதாகப் போட்டதும் அவை மேலே கூட்டமாக மிதந்து அசையாமல் நிற்கும். காற்று பத்தவில்லை என்று நினைத்துப் பெரிய காற்றுப் பம்பு வாங்க ஓடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் வழவழப்பு ஏறிக் கனத்து, தாமாகப் புரளத் தொடங்கும். வெளிவாயில் துளையிட்ட குழாயோ வலையோ இல்லாவிட்டால் துண்டுகள் தொட்டிக்குப் போய்விடும்.

புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை குழாய் அளவில் நடக்கிறது. பம்பு அழுத்தித் தள்ளும் தண்ணீருக்கு ஒன்றேகால் இஞ்ச் குழாய் தாராளம். டிரம்மிலிருந்து டிரம்முக்கு அது தன் எடையில் மட்டுமே போகிறது. 2 இஞ்ச் திணறும். 3 இஞ்ச் போடுங்கள். டிரம் சுவரில் குழாயைப் பொருத்தும் 3 இஞ்ச் டேங்க் நிப்பிள் டிரம்மின் வளைவில் சரியாக உட்காரவில்லை என்றால் 2 இஞ்ச் இரண்டு போடுங்கள். இதில் கஞ்சத்தனம் காட்டினால் ராத்திரி டிரம் வழிந்து, பம்பு தொட்டியையே தோட்டத்துக்குக் காலி செய்துவிடும். அந்த ஆபத்துக்காகவே பம்பைத் தொட்டியின் தரையில் வைக்காமல் ஒன்றரை அடி உயரக் கல் மேடையில் வையுங்கள். எது உடைந்தாலும் அந்த ஒன்றரை அடித் தண்ணீரில் மீன் விடியும்வரை பிழைத்திருக்கும்.

பம்பு, காற்று, கரண்ட்

தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியே போய்வர வேண்டும். 6000 லிட்டருக்கு மணிக்கு 4000 லிட்டர். ‘அண்ணே, இது 4000 எல்.பி.எச்.’ என்று கடையில் காட்டுவது தண்ணீரை மேலே தூக்காதபோது கிடைக்கும் அளவு. தூக்கும் உயரம், குழாய் நீளம், எல்போ எல்லாம் கழிந்துதான் கைக்கு வரும். உயரத்தை நீர்மட்டத்திலிருந்து கணக்கிடுங்கள், பம்பு கிடக்கும் ஆழத்திலிருந்து இல்லை. நம் அமைப்புக்கு உரசலையும் சேர்த்து நாலடி என்று வைத்து, 6000 எழுதிய பம்பை வாங்கினால் பொருந்தும். பொருத்திய பின் சோதித்துவிடுங்கள்: அருவி வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தால் 18 நொடியில் நிறைய வேண்டும். மாதம் ஒருமுறை இதே சோதனை. 25 நொடி ஆகிறதென்றால் பம்பின் விசிறியில் சுண்ணாம்புக் கட்டி ஏறியிருக்கிறது; கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துக் கழுவுங்கள். நம் தண்ணீருக்கு இது தவறாமல் வரும்.

60 வாட் பம்பு நிற்காமல் ஓடினால் இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 86 யூனிட். 35 வாட் காற்றுப் பம்பு 50 யூனிட். வாங்கும்போது வாட்டைப் பாருங்கள். விலை குறைந்த 150 வாட் பம்பு ஒரு வருடத்தில் தன் லாபத்தைத் தின்றுவிடும். ராத்திரி அணைத்து வைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. பாசி ராத்திரியில் ஆக்சிஜனை விடுவதில்லை, இழுக்கிறது. விடிகாலை நாலு மணிக்குத்தான் தொட்டியில் காற்று மிகக் குறைவு.

காற்றுப் பம்பு நிமிடத்துக்கு 60 லிட்டர். பாதி மூன்றாவது டிரம்முக்கு, பாதி தொட்டிக்கு. நீர்மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி மோட்டாரைக் குடித்துவிடும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கி மாலை வரை போகும். இன்வெர்ட்டர் இருந்தால் காற்றுப் பம்பை மட்டும் அதில் சேருங்கள், தண்ணீர்ப் பம்பு வேண்டாம். இல்லையென்றால் பேட்டரியோடு வரும் சிறு காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வைக்க வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்தே தீனி கிடையாது. கரண்ட் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால், வந்தவுடன் பம்பைப் போடாதீர்கள். காற்றில்லாமல் டிரம்மில் தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். மூன்று டிரம்மின் அடி வால்வையும் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே விட்டு, பிறகு ஓட்டுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் மீனை இழந்தவர்கள் ‘கரண்ட் வந்த பிறகுதான் செத்தது’ என்று குழம்புவார்கள்.

எல்லாவற்றையும் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக இணையுங்கள். தொட்டியில் கை விடுமுன் சுவிட்சை அணையுங்கள்.

பாசியால் பச்சையாகும் தண்ணீருக்கு யு.வி. (புற ஊதா) விளக்கு 36 வாட், மூன்றாவது டிரம்முக்குப் பிறகு. எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடத்தில் அதன் வீரியம் தீர்ந்துவிடும். குழலை மாற்ற வேண்டும். அதற்கு முன் நிழல்வலை கட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு விளக்கே தேவைப்படாது.

எந்தத் தண்ணீர்

மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது செவுளையும் சுடும், டிரம்மில் வளர்த்த பாக்டீரியாவையும் கொல்லும். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் கல்லை 1000 லிட்டருக்கு 7 கிராம் கரைத்துவிட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரையிலான குளோரினை முறிக்கும். ஹைப்போவை முதலில் ஊற்றி, பிறகு குழாயைத் திறக்க வேண்டும்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் காற்றும் இல்லை. குழாயை அடியில் விடாமல் பூவாளி போல உயரத்திலிருந்து தெளித்து விடுங்கள். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி உங்கள் போரின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கோய் கடின நீரைத் தாங்கும். 1500 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) மேல் போனால் மாநகராட்சித் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ கலப்பது நல்லது.

கோடையில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு மட்டும் தங்கித் தங்கி ஏறும். அதனால்தான் வாரம் 600 லிட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கை வெளியேற்றிப் புதிது விட வேண்டும். வெளியேறும் தண்ணீரில் நைட்ரேட் சத்து இருக்கிறது. மல்லிகைக்கும் வாழைக்கும் பாய்ச்சுங்கள், வித்தியாசம் தெரியும். தொட்டியில் உப்புப் போட்டிருக்கும் வாரங்களில் மட்டும் செடிக்கு விடக் கூடாது.

வடிகட்டியைப் பழக்குவது

டிரம்மை மாட்டியதும் அது வடிகட்டி ஆகிவிடாது. அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் இருவகைப் பாக்டீரியா கே1 துண்டுகளில் குடியேற வேண்டும். நம் சூட்டில் மூன்று நான்கு வாரம்.

மீனை விட்டுப் பழக்குவதைவிட மீனில்லாமல் பழக்குவது கருணையும் சிக்கனமும். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கலப்பில்லாத நவச்சாரம் வேறொன்றும் இல்லை, அமோனியம் குளோரைடுதான். 6000 லிட்டருக்கு 45 கிராம் கரைத்துவிட்டால் அமோனியா 2 பிபிஎம் அளவில் நிற்கும்.

1. முதல் நாள் 45 கிராம். பம்பு, காற்று இரண்டும் ஓடட்டும், யு.வி. விளக்கு அணைந்திருக்கட்டும்.
2. இரண்டு நாளுக்கு ஒருமுறை அமோனியா பாருங்கள். அரை பிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் மட்டும் மறுபடி 45 கிராம்.
3. இரண்டாம் வாரத்தில் நைட்ரைட் ஏறும். ஏறி அப்படியே நிற்கும். பதற வேண்டாம், இரண்டாவது வகைப் பாக்டீரியா மெதுவாகத்தான் வளரும்.
4. ஒருநாள் 45 கிராம் போட்டு, மறுநாள் அதே நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் வடிகட்டி தயார்.
5. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, இரண்டு நாளுக்குள் முதல் இரண்டு மீனை விடுங்கள். அதற்கு மேல் பட்டினி போட்டால் பாக்டீரியா குறையும்.

சோதனைக்குச் சொட்டு மருந்து வகைப் பெட்டி வாங்குங்கள். காகிதப் பட்டை நம் ஊர்ச் சூட்டில் டப்பா திறந்த சில வாரங்களிலேயே பொய் சொல்லும்.

பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும். போர் தண்ணீரில் அது நிறையவே இருப்பதால் கவலை இல்லை. மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் ஊற்றுபவர்கள்தான் பி.எச். திடீரென்று சரிந்து மாட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குச் சமையல் சோடா: 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் காரத்தன்மையைக் காட்டும் கே.எச். ஒரு புள்ளி ஏறும். ஒருநாளில் அதற்கு மேல் வேண்டாம்.

மீனை விடுவது

சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும் பை, மதுரைக் கடையில் அரைமணிக்கு முன் கட்டிய பை, இரண்டையும் ஒரே மாதிரி திறக்கக் கூடாது. பத்து மணி நேரம் கட்டிக்கிடந்த பையில் மீன் விட்ட மூச்சால் கரிவாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அமோனியா நிறைய இருந்தாலும் விஷமாகாமல் அடங்கியிருக்கும். பையை அவிழ்த்ததும் கரிவாயு பறக்கும், பி.எச். ஏறும், அடங்கியிருந்த அமோனியா விஷமாகும். ஆகவே பையைக் கட்டியபடியே 20 நிமிடம் நிழலில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். அவிழ்த்தவுடன் மீனை ஈரக் கையாலோ வலையாலோ எடுத்து விட்டுவிடுங்கள். கட்டிக் கொஞ்ச நேரமே ஆன பை என்றால் தொட்டித் தண்ணீரை அதில் மெல்லக் கலந்து பழக்கலாம். எதுவானாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

முதல் ஐந்து மீனுக்குத் தனிமைத் தொட்டி தேவையில்லை, தொட்டியே தனிமைத் தொட்டிதான். அதன் பிறகு வாங்கும் ஒவ்வொரு மீனும் 500 லிட்டர் தனித் தொட்டியில் மூன்று வாரம் இருந்துதான் சேர வேண்டும். நங்கூரப் புழுவும் மீன் பேனும் புது மீனோடுதான் வரும். நங்கூரப் புழு செதிலுக்கிடையில் நூல் போலத் தொங்கும், பேன் பச்சை நிறத்தில் தட்டையாக ஊரும். இரண்டும் உப்புக்குச் சாகாது.

‘பாசியைத் தின்னுக்கும்’ என்று சொல்லிச் சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். அது ராத்திரி கோயின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். வேண்டாம்.

தீனி

மிதக்கும் குருணைத் தீனி, புரதம் 35 சதவீதம் அளவு. மீன்களின் மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு ஒருநாளைக்கு. அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, ஐந்து நிமிடத்தில் தீரும்படி. மிஞ்சியதை வலையால் அள்ளிவிடுங்கள். ஐந்து மீனும் தலா 2 கிலோ ஆன பிறகு நாளைக்கு 100 கிராம் போகும். அதிலிருந்து 3 கிராம் அமோனியா வரும். 6000 லிட்டரில் அது அரை பிபிஎம். வடிகட்டி ஒருநாள் வேலை செய்யாவிட்டால் சேருவது இவ்வளவு. பி.எச். எட்டரை உள்ள சித்திரைத் தண்ணீரில் இதில் ஐந்தில் ஒரு பங்கு விஷம்.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் பொரியும் ரொட்டியும் போடப் பார்ப்பார்கள். அவர்கள் கையில் எண்ணிக் கொடுத்த தீனியைக் கொடுப்பதுதான் வழி. டப்பாவைத் திறந்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடும் அளவே வாங்குங்கள். கொழுப்புச் சிக்குப் பிடித்த தீனி மீனின் ஈரலைக் கெடுக்கும்.

வார வேலை

தினமும் காலையில் இரண்டு நிமிடம் நின்று பார்த்தாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது: எல்லா மீனும் தீனிக்கு வருகிறதா, துடுப்பை மடக்கிக்கொண்டு எதுவும் ஒதுங்கி நிற்கிறதா, அருவி முழு வேகத்தில் விழுகிறதா.

வாரம் ஒருமுறை அடி வடிகால் நெட்டுக்குழாயைப் பத்து நொடி பிடுங்குங்கள். முதல் டிரம்மின் வால்வைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை திறங்கள். இரண்டாம் டிரம்மின் நாரைத் தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில் முக்கி அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. மூன்றாவது டிரம்மைக் கழுவவே வேண்டாம். மாதம் ஒருமுறை காற்றை நிறுத்தி ஐந்து நிமிடம் படியவிட்டு அடி வால்வைத் திறந்தால் போதும். ‘எல்லாத்தையும் ஒரே நாள்ல பளிச்சுன்னு கழுவிட்டோம்’ என்று சந்தோஷப்பட்ட வாரத்தில்தான் அமோனியா ஏறும்.

கடைசியாகச் சோதனை: அமோனியா, நைட்ரைட், பி.எச். பி.எச்.ஐக் காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் பாருங்கள். வித்தியாசம் அரைக்கு மேல் என்றால் பாசி அதிகம், நிழல் போதவில்லை.

சித்திரை, ஆடி, ஐப்பசி

மாசி முடிவதற்குள் 50 சதவீத நிழல்வலையைத் தொட்டிக்கு மேல் ஆறடி உயரத்தில் கட்டிவிடுங்கள். டிரம்முக்கும் வெளியே கிடக்கும் குழாய்க்கும் நிழல் வேண்டும். வெயிலில் நிற்கும் டிரம் ஒரு வாட்டர் ஹீட்டர். தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் தீனியைப் பாதியாக்கி, அதையும் அதிகாலையில் மட்டும் போடுங்கள். ஐஸ் போட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 6000 லிட்டரை ஒரே ஒரு டிகிரி இறக்க 50 கிலோவுக்கு மேல் ஐஸ் வேண்டும். அந்தக் காசுக்கு காற்றுப் பம்பில் மாட்டிக் குமிழி விடும் காற்றுக்கல் இன்னொன்று வாங்கலாம்.

தண்ணீர் ஒருநாளைக்கு ஒரு சென்டிமீட்டர் வரை குறைவது கோடையில் இயல்பு. அதற்கு மேல் போனால், ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டியின் விளிம்பில் வைத்து இரண்டிலும் கோடு போடுங்கள். தொட்டி வாளியைவிட வேகமாக இறங்கினால் கசிவு. பம்பை நிறுத்திவிட்டும் ஒருநாள் பாருங்கள். அப்போது இறக்கம் நின்றுவிட்டால் கசிவு தொட்டியில் இல்லை, டிரம் இணைப்பில் அல்லது அருவித் தெறிப்பில்.

ஆடிக் காற்றில் புழுதியும் சருகும். வாரத்துக்கு இருமுறை இரண்டாம் டிரம்மை அலச வேண்டி வரும்.

ஐப்பசி அடைமழையில் மொட்டை மாடித் தண்ணீர் தொட்டிக்குள் விழக் கூடாது. மழைக்குப் பிறகு மூட்டமாக இரண்டு நாள் கிடந்தால் பச்சைத் தண்ணீரில் பாசி சாகத் தொடங்கி, விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். காற்றைக் கூட்டுங்கள், தீனியை நிறுத்துங்கள். மழைக் காலத்தில்தான் மாநகராட்சி கொசுப் புகை மருந்தும் அடிப்பார்கள். அதில் வரும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு விஷம். வண்டிச் சத்தம் கேட்டதும் காற்றுப் பம்பை நிறுத்தி, தொட்டியையும் டிரம்மையும் தார்ப்பாயால் மூடி, புகை கலைந்த பிறகு திறக்க வேண்டும். தொட்டியில் மருந்து ஊற்ற வருபவர்களிடம் மீன் இருப்பதைக் காட்டுங்கள். கோய் இருக்கும் தண்ணீரில் கொசுப்புழு மிஞ்சாது. மூடியில்லாத டிரம்மில் மிஞ்சும், அதற்கு வலை மூடி போடுங்கள்.

நாரைக்குச் சிவன் தந்த வரத்தால் பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாது என்பது ஊர்க்கதை. நம் தொட்டிக்கு அந்த ஏற்பாடு இல்லை. மடையான் காலை ஆறு மணிக்கே விளிம்பில் வந்து நிற்கும், மீன்கொத்தி குட்டி மீனை மட்டும் குறிவைக்கும், பூனை ராத்திரி. சுவர் செங்குத்தாக, விளிம்பில் படிக்கட்டு இல்லாமல் இருந்தால் கொக்குக்கு நிற்க இடமில்லை. முதல் வருடம் முழுக்க மேலே நைலான் வலை இருக்கட்டும்.

மீன் தடுமாறினால்

மருந்தைத் தேடுமுன் தண்ணீரைச் சோதியுங்கள். பத்தில் எட்டு முறை கோளாறு தண்ணீரில் இருக்கும்.

எல்லா மீனும் அருவியடியில் கூடி வாயைப் பிளந்தால் காற்றுக் குறைவு, அல்லது நைட்ரைட். ஒரே ஒரு மீன் மட்டும் என்றால் அதன் செவுளில் ஏதோ. எல்லாமே திடீரெனச் சுவரில் உரசித் துள்ளினால் குளோரின் அல்லது பி.எச். ஏற்றம், ஓரிரண்டு மட்டும் பல நாளாக உரசினால் ஒட்டுண்ணி.

அமோனியா ஏறியிருந்தால்: தீனி நிறுத்தம், கால் பங்குத் தண்ணீர் மாற்றம், மறுநாளும் அதேபோல். சமையல் சோடாவை அன்று தொடாதீர்கள், பி.எச். ஏறினால் விஷம் கூடும். நைட்ரைட் ஏறியிருந்தால் தண்ணீர் மாற்றத்தோடு அயோடின் சேர்க்காத கல்லுப்பு 1000 லிட்டருக்கு 1 கிலோ. உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும்.

தோலில் சிவப்பு, மங்கல், சிறு புண் என்றால் உப்பின் அளவு 1000 லிட்டருக்கு 3 கிலோ. நம் தொட்டிக்கு மொத்தம் 18 கிலோ. நாளைக்கு 6 கிலோ வீதம் மூன்று நாளில், வாளியில் கரைத்து ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. தண்ணீர் மாற்றும்போது மட்டுமே குறையும். எனவே ஆவியான தண்ணீருக்கு ஈடு விடும்போது மறுபடி உப்புச் சேர்க்கக் கூடாது. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் பகுதிகளில் டி.டி.எஸ். பார்த்து 2 கிலோவோடு நிறுத்துங்கள். அல்லி, தாமரைத் தொட்டிகள் உள்ளே இருந்தால் முதலில் அவற்றை வெளியே எடுங்கள்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பலர் கண்ணளவில் தூவச் சொல்வார்கள். 1000 லிட்டருக்கு 2 கிராம் என்பது மருந்து. அதன் இரு மடங்கு செவுளைக் கருக்கிவிடும். துல்லியத் தராசும், தண்ணீர் அளவு சரியாகத் தெரிந்திருப்பதும் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கண்மாயிலோ வைகையிலோ விட்டுவிடாதீர்கள். கோய் அடிச் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், உள்ளூர் மீனின் முட்டையைத் தின்னும், தன் நோயையும் கொண்டுபோகும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள்; ஓரடி தாண்டிய கோயை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரர் குறைவு.